பதினேழு பேர், ஒரே அறை: பிக் பேண்ட் ஒலிப்பதிவு – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பிக் பேண்ட் (பதினேழு பேர் வாக்கில் வாசிக்கும் ஜாஸ் குழு) ஒலிப்பதிவு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பல ஊர்களிலிருந்து வந்திருந்தாலும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் முதல் கேள்விக்குப் பதில் நீளம்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக பிக் பேண்டை ஒத்திகை அறையிலேயே பதிந்தோம். ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, கிடார், பாஸ், டிரம்ஸ். ஆளுக்கொரு மைக், எல்லாமே மிகக் கிட்டத்தில். தனித்தனியாகக் கேட்டால் சுத்தமாக இருக்கிறது, ஒன்றாகச் சேர்த்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டில் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கிறது. நேரில் கேட்ட ஒலி எங்கே போனது? (வாசகர், டொராண்டோ)

பதில்: நீங்கள் மைக் வைத்த இடத்தில் யாரும் காதை வைத்துக் கேட்பதில்லை, அதுதான் காரணம். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தின் அனசுக்கு, அதாவது அடியில் விரியும் கூம்புக்கு, முன்னால் போய் நின்றால் கேட்பது ஒன்று, பந்தலின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கேட்பது வேறொன்று. நமக்குப் பிடித்தது இரண்டாவது. பிக் பேண்டும் அப்படித்தான். டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸும் காற்றில் கலந்து, சுவரில் பட்டுத் திரும்பி, ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் அது பேண்ட்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிக் பேண்ட் தன்னைத்தானே மிக்ஸ் செய்துகொள்ளும் குழு. லீட் டிரம்பெட், அதாவது அந்த வரிசையை வழிநடத்துபவர், எவ்வளவு சத்தமாக வாசிக்கிறாரோ அதற்குக் கொஞ்சம் கீழே மற்ற மூவரும் நிற்பார்கள். லீட் ஆல்டோ, லீட் டிராம்போன், லீட் டிரம்பெட் மூவரும் ஒருவர் பின் ஒருவராக, கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நடுவில் உட்காருவது இதற்குத்தான், பின்னால் இருப்பவரின் ஒலி முன்னால் இருப்பவரின் காதில் விழ வேண்டும். இத்தனை பேரும் காதாலேயே செய்து முடித்த வேலையைக் கிட்ட வைத்த மைக்குகளால் பிரித்துப்போட்டுவிட்டு, அப்புறம் ஒலி அளவை மாற்றும் ஃபேடரை ஏற்றி இறக்கி அதையே மறுபடி கட்ட முயல்கிறீர்கள். வராது. வந்தாலும் அது உங்கள் பேலன்ஸ், அவர்களுடையது இல்லை.

அதனால் முதலில் ஒரு ஸ்டீரியோ ஜோடி, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு மைக். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. குழுவை நடத்தும் கண்டக்டரின் தலைக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரத்தில் ஆரம்பியுங்கள். உயரம் ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: மைக் வாத்தியங்களின் மட்டத்திலேயே இருந்து, சாக்ஸ் வரிசை இரண்டு மீட்டரிலும் டிரம்பெட் வரிசை ஐந்து மீட்டரிலும் இருந்தால், தூரத்தினால் மட்டுமே டிரம்பெட் சுமார் 8 டெசிபல் பின்வாங்கிவிடும். அதே மைக்கை வாத்தியங்களுக்கு இரண்டு மீட்டர் மேலே தூக்கினால் அந்த வித்தியாசம் ஐந்தரை டெசிபல் ஆகிவிடும். மைக்கைத் தூக்கினாலே முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவே சமாதானம் வந்துவிடுகிறது, ஒரு பட்டனையும் தொடவில்லை.

எந்த ஜோடி என்றால், கார்டியாய்டு (முன்பக்கத்தை அதிகமாகக் கேட்கும்) மைக் இரண்டு இருந்தால் ஓ.ஆர்.டி.எஃப்., அதாவது பிரெஞ்சு வானொலிக்காரர்களின் முறை: இரண்டு மைக்குக்கும் நடுவே 17 செ.மீ., கோணம் 110 டிகிரி. எட்டு வடிவில் முன்னும் பின்னும் கேட்கும் மைக் இரண்டு இருந்தால் 90 டிகிரியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே வைக்கலாம், இ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததில் இருந்த முறை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டலாம் போல இருக்கும், ஆனால் பின்பக்கத்தையும் அதே அளவு கேட்கும் என்பதால் அறை நன்றாக இருந்தால் மட்டுமே கைகொடுக்கும். எல்லாப் பக்கமும் கேட்கும் ஓம்னி மைக் இரண்டை ஒரு மீட்டர் இடைவெளியில் பிரித்து வைத்தால் பாஸ் அடர்த்தியாக வரும், நடுப்பகுதி கொஞ்சம் தளர்ந்துபோகும்.

இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பேண்ட் வாசிக்கும்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மெதுவாக முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். ஒற்றைக் காது மைக் மாதிரிதான் கேட்கும், அறை எங்கே அதிகமாகிறது, சாக்ஸ் எங்கே முகத்தில் அறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். நன்றாக இருக்கும் இடத்தில் ஸ்டாண்டை வைத்து, ஒரு பாட்டைப் பதிந்து கேட்டு, ஒரு அடி நகர்த்தி மறுபடி பதியுங்கள். ஒரு மாலை முழுக்க இதற்கே போனாலும் அது வீணான நேரம் இல்லை.

அப்புறம் அந்த ஒத்திகை அறை. கூரை மூன்று மீட்டருக்குள் என்றால் மைக் கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும், கூரையில் பட்டுத் திரும்பும் பிராஸ் (டிரம்பெட், டிராம்போன்) ஒலியும் அதில் வந்து விழுந்து எல்லாம் தகரம் மாதிரி ஆகிவிடும். எந்த மைக் வாங்கினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கல்லூரி அரங்கத்தையோ கூரை உயர்ந்த தேவாலயத்தையோ ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அப்படியானால் கிட்ட வைக்கும் ஸ்பாட் மைக்கே வேண்டாமா? எங்களிடம் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் சில இருக்கின்றன. டிரம்பெட்டுக்கு வைத்தால் காதைக் குத்துகிறது. ரிப்பன் மைக் (உள்ளே மெல்லிய உலோக நாடா அதிரும் வகை) வாங்கச் சொல்கிறார்கள், அவ்வளவு செலவு தேவையா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: வேண்டும், ஆனால் துணைக்கு மட்டும். தூரத்து ஜோடியில் ஒரு வாத்தியம் மங்கலாகத் தெரிந்தால் அதன் விளிம்பைத் தீட்டிக் காட்டுவதுதான் ஸ்பாட் மைக்கின் வேலை.

டிரம்பெட் குத்துவதற்குக் காரணம் அதன் உயர்ந்த அதிர்வெண்கள் கூம்பின் நேர் எதிரே ஒரு கற்றை போலப் பாய்வதுதான். மைக்கை அந்தக் கற்றையின் நடுவில் வைத்திருக்கிறீர்கள். ஓரமாக ஒதுக்கி, முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை தள்ளி, இரண்டு டிரம்பெட்டுக்கு ஒரு மைக் என்று வையுங்கள், பாதிக் குத்தல் போய்விடும். கண்டென்சரில் உள்ளே வரும் அளவைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள், லீட் டிரம்பெட் உச்சத்தில் ஊதும்போது சாதாரண அளவெல்லாம் தாண்டிவிடும்.

ரிப்பன் விஷயத்தில் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆர்.சி.ஏ. 44 என்ற ரிப்பன் மைக் வந்த 1930-களிலிருந்தே பிராஸுக்கும் ரிப்பனுக்கும் நல்ல பொருத்தம். மேல் அதிர்வெண்ணில் மெதுவாக இறங்கும், அதனால் பிராஸ் ஓரங்கள் மழுங்காமல் மென்மையாகும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: ரிப்பன் பெரும்பாலும் எட்டு வடிவம், அதன் பக்கவாட்டில் ஒன்றுமே கேட்காது. அந்தக் கேட்காத பக்கத்தை டிரம்ஸை நோக்கித் திருப்பினால் ஒரு தடுப்புப் பலகை செய்யும் வேலையை மைக்கே செய்துவிடும். கோல்ஸ் 4038, ராயர் ஆர்-121 எல்லாம் பேர் போனவை, விலையும் அப்படி. வாடகைக்குக் கிடைத்தால் டிரம்பெட்டுக்கு இரண்டு எடுங்கள், சாக்ஸுக்கு உங்கள் கண்டென்சரே போதும். பழைய ரிப்பனாக இருந்தால் கேபிள் வழியே மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரமான ஃபான்டம் பவர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேபிளில் கோளாறு இருந்தால் ரிப்பன் பாழாகிவிடும்.

சாக்ஸுக்கு மைக்கைக் கூம்புக்குள் நீட்டாதீர்கள். சாக்ஸின் ஒலி வழி நெடுக உள்ள துளைகளிலிருந்தும் வருகிறது, கீழ் ஸ்வரங்கள்தான் கூம்பு வழியாக முழுதாக வெளியேறும். அரை மீட்டர் தள்ளி, வாசிப்பவரின் இடது கைக்கும் கூம்பின் விளிம்புக்கும் நடுவே பார்த்தபடி வைத்தால் முழு வாத்தியமும் வரும். டிராம்போனுக்கு ஒன்றுதான்: நோட்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் கூம்பு மறைந்துகொள்ளும், ஸ்டாண்டைத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லா மைக்கிலும் டிரம்ஸ் வந்து விழுகிறது. டிரம்மரைத் தனி அறையில் வைத்து எல்லோருக்கும் ஹெட்ஃபோனும் தாளம் காட்டும் கிளிக் ஒலியும் கொடுத்துவிடலாமா? (வாசகர், மெல்போர்ன்)

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

ஸ்விங் என்பதே டிரம்மர் தொடர்ந்து தாளம் தட்டும் ரைடு சிம்பலும் பாஸும் சேர்ந்து ஓடும் ஓட்டத்தில் மற்றவர்கள் சாய்ந்துகொள்வது. கிளிக்கில் சாய முடியாது. ஹெட்ஃபோன் மாட்டியவுடன் டிரம்பெட்காரர் பக்கத்தில் இருப்பவரின் ஒலியோடு தன் ஒலியைச் சேர்ப்பதை விட்டுவிட்டுக் காதுக்குள் வரும் மிக்ஸோடு மல்லுக்கட்ட ஆரம்பிப்பார். சுருதியும் போகும், பேலன்ஸும் போகும்.

பியானோ வாசித்துக்கொண்டே பிக் பேண்ட் நடத்திய கவுண்ட் பேஸியின் குழுவில் ஃப்ரெடி கிரீன் என்ற கிடார்காரர் 1937-லிருந்து 1987-ல் இறக்கும்வரை இருந்தார். ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஆர்ச்டாப் கிடார், ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்ட்ரோக். முழு பிராஸ் வரிசைக்கு நடுவே அந்த மரக் கிடார் கேட்டது, எப்படி? டிரம்மரும் பியானோவும் பாஸும் அவருக்கு இடம் விட்டு வாசித்தார்கள். பேஸியே பியானோவில் ஒரு ஸ்வரம் போதும் என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். கேட்டுக்கேட்டு வாசிக்கும் அந்தப் பழக்கம் ஒரே அறையில் இருந்தால்தான் வரும்.

ஆகவே பியானோ, கிடார், பாஸ், டிரம்ஸ் அடங்கிய ரிதம் செக்‌ஷனை நெருக்கமாக உட்கார வையுங்கள். பாஸ்காரர் ரைடு சிம்பலுக்குப் பக்கத்தில், பியானோ கைக்கெட்டும் தூரத்தில், கிடார் நடுவில். டிரம்ஸுக்குக் கீழே தடித்த கம்பளம். பாஸுக்குப் பின்னால் இடுப்பளவு தடுப்பு ஒன்று வைக்கலாம், ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும். பியானோ மூடியைக் குட்டைக் கம்பில் நிறுத்தி, மேலே ஒரு கனத்த போர்வையைப் போட்டு, உள்ளே மைக் வைத்தால் கசிவு பாதியாகும். டிரம்ஸுக்கு மேலே ஓவர்ஹெட் மைக் ஒன்று, பெரிய கிக் டிரம்முக்கு ஒன்று போதும், ஸ்னேர் ஏற்கெனவே எல்லா மைக்கிலும் இருக்கிறது. பாஸ் ஆம்ப் இருந்தால் அதன் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், தாழ்ந்த ஒலி அறை முழுக்கப் பரவிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது.

கசிவு கெட்டது இல்லை, கெட்ட இடத்தில் வைத்த மைக்கின் கசிவுதான் கெட்டது. டிராம்போன் மைக்கில் விழும் டிரம்ஸ் நன்றாக ஒலித்தால் அது எல்லோரையும் ஒரே அறைக்குள் ஒட்டிவைக்கும் பசை. டிராம்போன் மைக்கை மட்டும் தனியாகக் கேட்டு, அதில் வரும் டிரம்ஸ் சகிக்கவில்லை என்றால் மைக்கை நகர்த்துங்கள்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. மூன்றாம் டிரம்பெட் ஒரு தப்பு ஸ்வரம் வாசித்தால் அதை மட்டும் தனியே திருத்த முடியாது, அந்த எட்டு பாரையும் (தாளச் சுற்றையும்) எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். அதனால் பாட்டை முழுதாக இரண்டு மூன்று முறை எடுத்து, எல்லா டிராக்கையும் ஒரே இடத்தில் வெட்டி ஒட்டுங்கள், ஸ்னேர் அடி விழும் நொடியில் வெட்டினால் தெரியாது. சின்னப் பிசிறுகளை விட்டுவிடுங்கள், உயிரோடு வாசித்த டேக்கில் அவை யாருக்கும் உறுத்தாது.

கேள்வி: பதிந்தாயிற்று. ஜோடி மைக் ஒன்று, ஸ்பாட் பன்னிரண்டு. மிக்ஸை எங்கே தொடங்குவது? டிலே கொடுக்க வேண்டுமா? கம்ப்ரஸர்? (வாசகர், சென்னை)

பதில்: எல்லா ஸ்பாட்டையும் மியூட் செய்துவிட்டு, ஜோடியை மட்டும் வைத்துப் பாட்டை முழுதாகக் கேளுங்கள். கையில் காகிதம். 'இரண்டாவது கோரஸில் (பாட்டின் முழுச் சுற்று ஒன்று) பியானோ காணோம்', 'சாக்ஸ் சோலியில் (சாக்ஸ் வரிசை முழுதும் சேர்ந்து வாசிக்கும் பகுதி) இரண்டாம் டெனர் மங்கல்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தில் இல்லாத எதையும் தொட வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு ஸ்பாட்டாக அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். 'இதோ மைக் கேட்கிறது' என்று தோன்றும் புள்ளியிலிருந்து இரண்டு மூன்று டெசிபல் கீழே இறக்கி விட்டுவிடுங்கள். சரியான அளவு எது என்றால், இருக்கும்போது தெரியாது, மியூட் செய்தால் ஏதோ போய்விட்டது என்று தெரியும். பேன் செய்வதற்கு (இடம் வலம் ஒதுக்குவதற்கு) முன் ஹெட்ஃபோனில் ஜோடியைக் கேட்டு பாரிடோன் சாக்ஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதன் ஸ்பாட்டை அதே இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஜோடியில் வலப்பக்கம் இருப்பவரை ஸ்பாட்டில் நடுவில் விட்டால் ஆள் இரண்டாகிவிடுவார்.

டிலே, அதாவது ஸ்பாட்டின் ஒலியைச் சற்றே தாமதப்படுத்துவது: காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது மீட்டருக்கு மூன்று மில்லி செகண்டு. ஸ்பாட் மைக் ஜோடியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருந்தால் அதில் ஒலி சுமார் 12 மில்லி செகண்டு முன்னாலேயே வந்துவிடும். அடுத்த முறை பதிவு தொடங்கும் முன் ஒவ்வொரு ஸ்பாட்டின் முன்னாலும் ஒருவரை நிறுத்தி ஒரு கைதட்டல் பதிந்துகொள்ளுங்கள், திரையில் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியே நீங்கள் கொடுக்க வேண்டிய டிலே. டிரம்ஸ் ஓவர்ஹெட்டுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள், ஸ்னேர் இரட்டையாகக் கேட்டால் மொத்த மிக்ஸும் தளர்ந்துவிடும். சாக்ஸ், பிராஸ் ஸ்பாட்டுகளுக்கு டிலேயோடும் இல்லாமலும் கேட்டு முடிவு செய்யுங்கள், சில நேரம் இல்லாமல் இருப்பதே துடிப்பாக இருக்கும்.

ஈக்யூவில் (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) முதல் வேலை வெட்டுவது. டிரம்பெட்டின் வழக்கமான கடைசி ஸ்வரம் சுமார் 165 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே அந்த மைக்கில் இருப்பதெல்லாம் பாஸும் கிக்கும்தான், 140 வாக்கில் தாராளமாக வெட்டலாம். பாரிடோன் சாக்ஸ் 65 வரை இறங்கும், பாஸ் டிராம்போனும் ஆழமாகப் போகும், அங்கே கை வைக்காதீர்கள். 200-லிருந்து 400 வரை எல்லா ஸ்பாட்டிலும் சேறு சேரும், ஒவ்வொன்றிலும் கொஞ்சமாகக் குறைத்தால் ஜோடி பளிச்சென்று தெரியும்.

சத்த வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் என்றால் மொத்த மிக்ஸின் மாஸ்டரில் உச்சத்தில் ஒன்றிரண்டு டெசிபல் தொட்டுப்போகும் அளவு, அவ்வளவுதான். சாக்ஸ் மெல்லிசாக வாசித்துக்கொண்டிருக்க, எல்லோரும் உச்சத்தில் வாசிக்கும் ஷவுட் கோரஸில் பிராஸ் எழுந்து நின்று வெடிக்கும், அந்த வித்தியாசத்துக்காகத்தானே ஆட்கள் நாற்காலியிலிருந்து எழுகிறார்கள். அதைச் சமப்படுத்திவிட்டால் மிஞ்சுவது என்ன? சோலோவைத் தூக்க வேண்டுமானால் ஃபேடரைக் கையால் நகர்த்துங்கள். அறை எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் ஒன்றே ஒன்று, அரங்கம் நன்றாக இருந்தால் அதுவும் வேண்டாம். கடைசியில் இரு பக்கத்தையும் ஒன்றாக்கி மோனோவில் ஒரு முறை கேளுங்கள், ஏதாவது வாத்தியம் மறைந்தால் ஃபேஸில் கோளாறு, அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன.

கேள்வி: சோலோ வாசிப்பவர்கள் முன்னால் வந்து நிற்க ஒரு மைக் வைப்பது சரியா, இருந்த இடத்திலேயே வாசிக்கட்டுமா? (வாசகி, லண்டன்)

பதில்: முன்னால் வரட்டும், அது பிக் பேண்ட் மேடையின் மரபு. ஜோடியின் பார்வைக்குள், நடுவில் ஒரு மைக். ஆனால் எந்த மைக் என்பதில் சந்தேகமே இருக்கக்கூடாது.

1956 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எல்லிங்டன் என்ற ஜாஸ் மேதையின் குழு வாசித்தபோது பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸில் 27 கோரஸ் தொடர்ந்து சோலோ வாசித்தார், கூட்டம் எழுந்து ஆடியது, எல்லிங்டனின் மதிப்பு ஒரே இரவில் மறுபடி ஏறியது. மேடையில் பதிவு செய்த கொலம்பியா நிறுவனத்தின் மைக்கும் இருந்தது, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கும் இருந்தது. கொன்சால்வஸ் வானொலி மைக்கில் வாசித்துவிட்டார். கொலம்பியா நாடாவில் அந்த சோலோ எங்கோ தூரத்தில் கேட்கிறது. அந்த ஆண்டு வந்த இசைத்தட்டின் பெரும்பகுதி பிறகு ஸ்டூடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டல் சேர்த்தது. வானொலியின் நாடா பிற்பாடு கிடைத்து, இரண்டு மோனோ நாடாக்களையும் நேரம் பொருத்தி ஒன்றுசேர்த்து 1999-ல் ஸ்டீரியோவாக வெளியிட்டார்கள். வேறு வேறு இடத்தில் நின்ற இரண்டு மைக், கசிவோடு, சேர்ந்து அந்த மேடையைத் திரும்பக் கட்டிவிட்டன. கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மேடையில் வீடியோக்காரர் மைக், அரங்கத்து ஒலிபெருக்கி (பி.ஏ.) மைக் என்று பல நின்றால், சோலோ மைக்குக்குக் கீழே தரையில் வண்ண டேப் ஒட்டுங்கள். கூம்பில் செருகும் ஹார்மன் மியூட் அடைப்பு போட்ட டிரம்பெட் சோலோ இருந்தால் வாசிப்பவரை மைக்கை ஒட்டி வரச் சொல்லுங்கள், அந்த மெல்லிய சலங்கை ஒலி அரை மீட்டர் தாண்டினாலே காற்றில் கரைந்துவிடும்.

கேள்வி: எங்களிடம் கையடக்க ரெக்கார்டர் ஒன்றுதான் இருக்கிறது. முடியுமா? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: நன்றாகவே முடியும். உயரமான ஸ்டாண்டில், முதல் பதிலில் சொன்ன அதே இடத்தில் வையுங்கள், பாஸும் பியானோவும் சரியாகக் கேட்கும்வரை ரிதம் செக்‌ஷனைக் கொஞ்சம் முன்னால் இழுத்து உட்கார வையுங்கள். ஆட்டோ லெவலை அணையுங்கள், அது ஷவுட் கோரஸில் சத்தத்தை அமுக்கிவிடும். 24 பிட்டில் பதியுங்கள். ஒலிச் சோதனைக்கு முதல் எட்டு பாரை வாசிக்கச் சொல்லாமல் பாட்டின் உச்சத்தை வாசிக்கச் சொல்லி, அப்போது மீட்டர் மைனஸ் 10 வாக்கில் நிற்கும்படி வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள். நிகழ்ச்சியில் எல்லோரும் இன்னும் கொஞ்சம் ஏற்றித்தான் வாசிப்பார்கள், அந்த 10 டெசிபல் அதற்கு.

கேள்வி: இணையத்தில் ஏற்றினால் எங்கள் பாட்டு மற்றவற்றைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறது. உச்சத்தை அமுக்கும் லிமிட்டரில் இன்னும் தள்ளலாமா? (அதே சென்னை வாசகர்)

பதில்: தள்ள வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்றவை சத்தமான பாட்டையெல்லாம் வழக்கமாக மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துத்தான் ஒலிக்கவிடுகின்றன. லிமிட்டரில் நசுக்கி மைனஸ் 8-ல் கொடுத்தால் அவர்கள் 6 டெசிபல் குறைத்துவிடுவார்கள், உங்கள் ஷவுட் கோரஸ் நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும். மைனஸ் 16-லேயே விடுங்கள், உச்சம் மைனஸ் 1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்பவர் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார்.